பேத்தை

காலடிப்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றது.
முன்னால் எத்தனை டிரெய்லர் என்று எண்ணுவதை
மூன்றாம் வருஷமே விட்டுவிட்டேன்.
இப்போது கண்ணி எண்ணுகிறேன்.

ஆறு.
விரலில் நூலைச் சுற்றிச் சுருக்கி இழுத்தால்
மூடிக்கொள்கிற ஒரு வளையம், அதற்குள் ஆறு.
அடுத்த சுற்றில் ஒவ்வொன்றும் இரண்டாகிப் பன்னிரண்டு.
பதினெட்டு. இருபத்து நாலு.
ஹாரன்.
ஊசியைச் சட்டைப் பையில் குத்தி
கியரைப் போட்டு மூன்று லாரி நீளம் நகர்ந்து
மறுபடி எஞ்சினை அணைத்தேன்.
இருபத்து நாலா, இருபத்து மூணா?

டால்பின் செய்து தருகிறேன் என்றுதான் சொன்னேன்.
மகள் டால்பினைப் பார்த்ததில்லையாம்.
கணக்கு நோட்டின் பின்தாளில் எழுதிக் கொடுத்தாள்:
'பேதை மீன் வேண்டும். பெருசா.'
ஒற்று விழுந்துவிட்டது.
ஏழு வயசுக்கு அதுவும் சரிதான்.

பேத்தை யாருக்கும் ஆகாத மீன்.
காசிமேட்டில் வலையை உதறினால்
முதலில் வெளியே விழுவது அதுதான்.
விஷம். ஏலக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார்.
மணலில் கிடந்து வீம்புக்கு ஊதிக்கொண்டிருக்கும்.
பையன்கள் உதைத்து ஆடுவார்கள்,
ஆடிச் சலித்ததும் மேலே ஏறிக் குதித்தால்
டப்பென்று ஒரு சத்தம்.

நூல் தங்கசாலையில் எடுத்தது.
முதுகுக்குச் சாம்பல் ஒரு பந்து, வயிற்றுக்கு வெள்ளை.
யாருக்கு என்றார் கடைக்காரர். எனக்கு என்றேன்.
மீதிச் சில்லறையை மெதுவாக எண்ணிக் கொடுத்தார்.
ஊசி ரோசலினுடையது. கல்யாணமான புதிதில்
டீவிக்கு, மிக்சிக்கு, தண்ணிக் குடத்துக்கு என்று
வீட்டில் அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும்
சட்டை போட்ட ஊசி.

டோல்கேட் பக்கம்
கண்ணாடியில் தட்டினார் டிராபிக் ஏட்டு.
"ஓட்டச்சொல்ல இன்னா போனு?"
"போன் இல்லை சார்."
"அப்போ கையில இன்னா? காட்டு."
டார்ச் வெளிச்சத்தில்
வாலில்லாமல், பாதி வயிறோடு.
"பேத்தை சார்."
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
பின்னால் நெல்லூர் வண்டி ஹாரனை விடவே இல்லை.
"முள்ளு எங்கடா? முள்ளில்லாத பேத்தை
எந்தக் கடல்ல கீது?"
குப்பத்து ஆள். பேட்ஜில் எழுதவில்லை,
வாயில் இருந்தது.

அப்புறம் சாக்கு தைக்கிற நூலில்
முடிச்சு முடிச்சாக முப்பத்தெட்டு முள்.
மீன்பிடித் துறைமுகம் வந்தபோது
விரல் நுனி மரத்துப் போயிருந்தது, பஞ்சும் தீர்ந்திருந்தது.
ஹாரன் அடித்த நாகேஸ்வரலு இறங்கி வந்தான்,
சிரித்தான், போனான்,
தலையணையோடு திரும்பி வந்து ஓரத்தைக் கிழித்தான்.
"தினு, தினு" என்று
மீனுக்கு அவனே ஊட்டினான்.
இலவம் பஞ்சு. தேங்காயெண்ணெய் வாசனை.
நான் இழுக்கிற நாற்பதடிப் பெட்டிக்குள்
என்ன சரக்கு என்று யாரும் சொன்னதில்லை.
இதற்குள் நெல்லூர்க்காரன் தலையணை.

ஜீரோ கேட்டில் என் பாஸைப் பார்த்தார்கள்,
சீலைப் பார்த்தார்கள்.
ஸ்டீயரிங்குக்கு மேலே முறைத்துக்கொண்டிருந்ததை
யாரும் கேட்கவில்லை.

விடிந்து வீடு.
பல் தேய்க்காத வாயோடு மகள் வாங்கினாள்.
முள்ளைத் தடவினாள், கண்ணைத் திருகினாள்,
என் காக்கிச் சட்டையின் கடைசி இரண்டு பட்டன்.
தரையில் வைத்தாள்.
இரண்டடி பின்னால் போய்
ஒரே உதை.
கேஸ் சிலிண்டரில் பட்டுத் திரும்பி வந்ததும்
அதன்மேல் இரண்டு காலாலும் குதித்தாள்.
நசுங்கி, எழும்பி, முறைத்தது.
"வெடிக்கலியே நைனா."

பதினோரு மணி நேர வரிசை, அது.
"கெட்டியா போட்டுட்டே" என்றாள் ரோசலின்,
சிரிக்காமல், ஒரு கண்ணியைக்
கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து.

வியாழக்கிழமை அடுத்த பெட்டி.
கடமா கேட்டிருக்கிறாள்.
கடமாவுக்குப் பத்துக் கை.
காசிமேடு வரைக்கும் வரும்.