அரைப்புள்ளி

ஜூலை. காரைக்குடி. முதல் மணி நேரம்.
புரொஜெக்டர் சூடாவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.
பலகையில் எழுதினேன்: தகவல் அமைப்புகள், அடிப்படை.
கடைசி வரிசையில் ஒருவன்
கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் விட்டான்.
மரியாதை தெரிந்த ஊர்.

அறுபத்திரண்டு பேர் என்றது அச்சடித்த தாள்.
எண்ணினேன். அறுபத்து மூன்று தலை.
மறுபடி எண்ணினேன்.
ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு குரல்:
"மேடம், என் பேரு வரல."

என்ன பேர்?
"அழகம்மை."
வாசித்தேனே, எல். அழகம்மை.
"அது அவங்க."
முன்வரிசையில் ஒரு கை பாதி உயர்ந்தது.
இவளுக்கும் இனிஷியல் எல்.
இரண்டு அப்பாவும் லெட்சுமணன்.
பிறந்த தேதி கேட்டேன், அதுவும் ஒன்று.
"நான் கண்டனூர்."
"நான் பள்ளத்தூர்."
வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

அலுவலகத்தில் யாரோ,
சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட யாரோ,
'இரட்டைப் பதிவு, நீக்கு' என்ற பொத்தானை
அழுத்தியிருக்கிறார்.
ஃபீஸ் ரசீது இவள் பையில் இருக்கிறது.
டிபன் பாக்ஸ் இருக்கிறது, மூடி சரியாக மூடாமல்.
பெஞ்சில் முழங்கை இருக்கிறது.
தாளில் ஆள் இல்லை.

ஏழு இரவு உட்கார்ந்து செய்த ஸ்லைடுகளை மூடினேன்.
அதில் ஒரு முக்கோணம் உண்டு:
மனிதர், நடைமுறை, எந்திரம்.
நடுவே அம்புகள் சுற்றிச் சுற்றி வரும்.
பஸ்ஸுக்கு ஓடிய அந்த மனிதருக்கு
அதில் நான் இடம் வைக்கவில்லை.

சரி, இரண்டு அழகம்மைகளை எப்படிப் பிரிப்பது?

ஆதார் எண் என்றான் ஒருவன்.
போன் நம்பர் என்றாள் ஒருத்தி.
"என் நம்பர் எங்கண்ணன் பேர்ல இருக்கு," இன்னொருத்தி.
கைரேகை. ஊர். உயரம்.
புதுவயல் ஜெய்லானி எழுந்தான்,
அவன் வாப்பா அரிசி ஆலையில் எடைச்சீட்டு போடுபவர்:
"பொன்னின்னு எழுதினா எல்லா மூட்டையும் பொன்னிதான் மேடம்.
ஒரு லாரிக்கு ஒரு நம்பர்.
அந்த நம்பர் இன்னொரு லாரிக்குப் போகவே கூடாது.
அவ்வளவுதான்."
இரண்டாம் வாரத்துப் பாடம் அங்கேயே முடிந்தது.

பள்ளத்தூர் அழகம்மை மெதுவாகச் சொன்னாள்:
"எங்களுக்கு விலாசம் இருக்கு மேடம்,
பேருக்கு முன்னாடி சில எழுத்து.
எந்த வீடுன்னு அதுலயே தெரிஞ்சிடும்."
"எங்களுக்கு விலாசம்னா
தபால்காரர் கேக்கறதுதான்," என்றாள் கண்டனூர்.
"கோயில் கணக்குல எப்படி எழுதுவீங்க?"
"கல்யாணம் ஆனா ஒரு புள்ளி."
"அதுல ஒருத்தர் போயிட்டா?"
"அரைப் புள்ளி."
பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.
"எங்கப்பா இப்ப அரை."

மின்விசிறி ஒன்று மட்டும் கிறீச்சிட்டது.

"அப்ப நம்மள மாதிரி கல்யாணம் ஆகாதவங்க?"
"அதுல இல்ல."
"சரி," என்று ஜன்னல் பக்கம் நகர்ந்து
பெஞ்சில் ஓர் ஆள் அளவு இடம் விட்டாள் கண்டனூர்.
"வாங்க. இங்கயும் ஒண்ணு இல்ல."

பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு என்று
மூன்றாம் வாரம் நான் நடத்த வேண்டும்.
எந்தக் கட்டத்தை யார் வரைந்தார்,
எதை எண்ணத் தேவையில்லை என்று யார் நினைத்தார்:
அது பாடத்திட்டத்தில் எந்த அலகிலும் இல்லை.

தாளின் அடியில் பேனாவால் எழுதினேன்:
63. எல். அழகம்மை, கண்டனூர்.
எந்திரத்துக்குப் பேனா தெரியாது.
"நாளைக்கும் என் பேரு வராதா மேடம்?"
வராது. விண்ணப்பம், மூன்று நகல்,
துறைத்தலைவர் கையெழுத்து, ஒரு வாரம்.
அதுவரை சத்தமாக 'உள்ளேன்' சொல்.

ஐந்தாம் வாரம் தரவுத்தளத்திடம்
கேள்வி கேட்கப் பழக்குவேன்.
ஒவ்வொரு கேள்வியும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும்.
அதைப் போடாவிட்டால்
திரை ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கும்,
நாம் இன்னும் ஏதோ
சொல்ல வருகிறோம் என்று.

அன்று அதைச் சொல்லவில்லை.
முன்வரிசைக்காரி
பையை எடுத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்;