தூரத்துச் சக்கரம் முதலில்

வால்கா ஊரில் நவம்பர்.
மூன்றே முக்காலுக்கே இருட்டிவிட்டது.
லாடாவை ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து
அடியில் படுத்திருக்கிறேன்.
மேலே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உர்வே.
கோட்டைக் கழற்றவில்லை.

தூரத்துச் சக்கரத்தில்தான் தொடங்க வேண்டும்:
பின்பக்கம், வலது.
கிட்டத்தில் இருப்பது கடைசியில்.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"அப்படியே பிடி."
காற்றுத் திருகைக் கால் சுற்றுத் திறக்கிறேன்.
வெள்ளரி ஊறுகாய் பாட்டிலுக்குள்
ஆறிப்போன கட்டந்தேநீர் நிறத்தில் இறங்குகிறது
பதினோரு வருடத்து பிரேக் ஆயில்,
நடுநடுவே குமிழி.
மூடுகிறேன்.
"விடு."

வக்கீல் அறையில்கூட
இவ்வளவு பேசிக்கொள்ளவில்லை நாங்கள்.
ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டதுமில்லை.

இந்த ஆயில் ஈரம் குடிக்கும்,
மூடி போட்டிருந்தாலும் குடிக்கும்.
நீண்ட இறக்கத்தில் சூடேறினால்
அந்த ஈரமே ஆவியாகி
பெடல் தொபுக்கென்று தரைக்குப் போகும்.
அதைத்தான் போனில் சொன்னேன்:
கார் இனி உனக்கு,
ஹான்யா மேடுகளில் தனியே ஓட்டப்போகிறாய்,
வா, ஒரு மணி நேரம்.
சொன்னதில் பொய் இல்லை.

ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்தது.
நான் எழுவதற்குள்
தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.
பெயிண்ட் தப்பியது.

நான்காவது சக்கரம். குமிழி இல்லை.
பெடல் பாதியிலேயே கல்லாக நிற்கிறதாம்.

கைப்பையைத் தோளில் மாட்டியபடி கேட்டாள்:
"தனியாளாவே செய்ய
ஏதோ பம்பு விக்கிறாங்களாமே, ராய்வோ?"

"அப்படியா" என்றேன்,
மேசைக்கடியில் பிரிக்காத அட்டைப்பெட்டியின் மேல்
எண்ணெய்த் துணியைக்
காலால் தள்ளிக்கொண்டே.