முட்டைக்குக் காவல்

மாயேபூர் சுகாதார நிலையத்தில்
என் மேசை மேல் எப்போதும் ஒரு தாள்க்கட்டு.
பிரெஞ்சில் அச்சிட்டது. கிரியோலில் சொல்வேன்;
சிலருக்கு மட்டும்
கோயிலில் மிஞ்சிய தமிழில்.
மீன்: வாரம் இரண்டு முறை. பெரிய மீன் வேண்டாம், பாதரசம்.
பால்: ஆடை நீக்கி.
முட்டை:
போன வருஷத் தாளில் இதன் மேல் சிவப்புக் கோடு.
இந்த வருஷம் கோட்டைக் காணோம்.
கோழி மாறவில்லை.

காவடிக்குக் கொடி ஏறிய மூன்றாம் நாள்
மெசியே சொக்கலிங்கம் வந்தார்.
சர்க்கரை பதினான்கு.
"கோயிலில் மீனை விடு என்கிறார்கள்.
நீ மீனைத் தின் என்கிறாய்.
ரெண்டு பேரில் யார் சொல்வதை
என் ரத்தம் கேட்கும்?"
பத்து நாளைக்குப் பருப்பு, என்றேன்.
"பதினோராம் நாள்?"
மீன்.
"அப்போ மீனுக்கு நான் கொடுத்தது
மன்னிப்பு இல்லை,
வாய்தா."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அவர் போன பிறகு
காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜோர்ஜெத்துக்கு வாரம் ஒருமுறை காலுக்குக் கட்டு.
கடல் வற்றும் நேரம்
முழங்கால் பூட்ஸும் இரும்புக் கம்பியுமாய்
பவளத் திட்டில் நடந்து
பேய்க்கணவாய் குத்துகிறவள்.
அவள் பாஷையில் ஊரீத்.
ஆறாத புண்ணை நான் கழுவ
வலி மறக்க அவள் பேசினாள்.

"தடைக்காலம். கம்பியை வீட்டில் வைத்துவிட்டு
சும்மா நடக்கப் போனேன்.
ஒரு பொந்து. உள்ளே அவள்.
மேலிருந்து சரம் சரமாய் முட்டை,
நீங்கள் தலையில் வைப்பீர்களே, அந்தப் பூ மாதிரி.
பக்கத்திலேயே நண்டு ஒன்று போகிறது.
எட்டுக் கையில் ஒரு கையும் நீட்டவில்லை.
முட்டை மேல் தண்ணீர் ஊதிக்கொண்டே இருக்கிறாள்.
பொரியும்வரை ஒரு வாய் தின்ன மாட்டாள்.
பொரிந்ததும் செத்துப்போவாள்."

பாவம் பார்த்து விட்டுவிட்டாயா?

"கம்பி இருந்திருந்தாலும் விட்டிருப்பேன்.
பட்டினி கிடந்த உடம்பில் கறி ஏது?
எடையே நிற்காது."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"துணி இறுக்குது. தளர்த்து."

எனக்கு அன்று விரதத்தின் ஐந்தாம் நாள்.
காலையில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டிருந்தேன்.
பசிக்கிறது என்று நினைக்கவே
வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் விடியுமுன்
குடத்துக்குப் பால் கலக்கினேன்.
எங்கள் வீட்டில் பால் என்றால் மாவு.
நியூசிலாந்தில் கறந்து, காய்ச்சி, பொடித்து
கப்பலில் வந்தது.
வெந்நீரில் கட்டி தட்டாமல் கரைக்க
இருபது வருஷமாய் என் விரலுக்குத் தெரியும்.
டின் மேல் பச்சைப் புல். பின்னால் பனிமலை.
நடுவில் ஒரு மாடு,
தனியாக.
கன்று எங்கே என்று
இதுவரை கேட்கத் தோன்றியதில்லை.
முட்டை தீட்டு, பால் சுத்தம்;
ரெண்டுமே ஒரு தாயிடம் எடுத்ததுதானே
என்றது வயிறு.
வயிறு பேசக் கூடாத நாள் அது.

நாக்கில் வேல் இருந்ததால்
யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
தார் கொதித்தது. நடந்தேன்.
பால் திரியவில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.
முருகன் தோளில் வழிந்து
மார்பில் வழிந்து
பாதத்தில் தேங்கி
வடிகாலில் இறங்கியது.
வடிகால் கடலுக்குப் போகிறது.

பதினோராம் நாள் வாசலில் ஜோர்ஜெத்.
செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த ஊரீத்.
"கட்டுப் போட்டதுக்கு. காசு வேண்டாம்.
இது ஆண்தான், வலப்பக்கம் மூன்றாவது கையைப் பார்."
பார்த்தேன். காய்ந்த கையெல்லாம்
எனக்கு ஒரே மாதிரி.
உண்மைதான் சொன்னாளா,
எனக்காகச் சொன்னாளா?

சட்டியில் ஊறப் போட்டேன்.
விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பி வந்து பார்த்தேன்.
தண்ணீருக்குள் அது
மெல்லப் பெருத்து,
ஒவ்வொரு கையாக
விரித்துக்கொண்டிருந்தது.