நாங்கள் பிடித்த முயல்

நவம்பர். டிஸா ஆற்றிலிருந்து எழுந்த மூட்டம்
செகெட் நகரின் டிராம்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது.
நான்காம் தளத்தில், மைனஸ் இருபதில்,
ஒரு குப்பி. உள்ளே நூறு மைக்ரோலிட்டர்.
மூக்கில் விட்டால் இரண்டு சொட்டு.

பெயர் வைக்காத முயலொன்றின் இரத்தத்தில்
பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்.
மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ரைபோசோம்,
ரைபோசோமுக்குள் எண்பது சொச்சம் புரதங்கள்,
அதில் ஒன்றை, ஒன்றை மட்டுமே, தெரியும் என்று
சத்தியம் செய்திருந்தது விலைப்பட்டியல்.

முயல் அந்தப் புரதத்தின் முழு முகம் பார்த்ததில்லை.
பதினைந்து கண்ணி நீளத் துண்டு ஒன்றை
ஊசியில் ஏற்றிக் காட்டியிருந்தார்கள், நான்கு தடவை.
காதுமடலைக் காட்டிவிட்டு
ஆளைச் சந்தையில் தேடச் சொன்ன மாதிரி.

நான்கு வருடம் நான்தான் ஜெல் ஊற்றினேன்.
கொழுப்பெடுத்த பால்மாவில் சவ்வை ஊறவைத்து,
இரவெல்லாம் குளிர் அறையில் ஆட்டி,
காலையில், முயலைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும்
ஆட்டின் எதிர்ப்பொருளை மேலே விட்டு,
இருட்டில் காத்திருந்தால்
வரும்:
ஒரே பட்டை. கறுப்பாக, நேராக.
நான்கு கட்டுரைகளில் அச்சானது.

கெண்டேவுக்கு ஆறு வயது. மாக்கோவிலிருந்து வந்தான்.
மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான்.
துவரம்பருப்பளவு தோலை எடுத்து வளர்த்தோம்.
மரபணுவில் ஓரெழுத்துப் பிழை.
அந்தப் பிழையோடு புரதம் உருவாகிறதா இல்லையா,
டாக்டர் எமோகே கேட்டது அவ்வளவுதான்.
சவ்வைப் பார்த்தேன். பட்டை இருந்தது.
"இருக்கிறது" என்று எழுதியவள் நான்.

அந்த ஒரு சொல்லை நம்பி எட்டு மாதம்
ஈரலில் தேடினார்கள், தசையில் தேடினார்கள்,
முதுகுத்தண்டில் ஊசி குத்தித் தேடினார்கள்.

பிறகு ஸிலார்ட் வந்தான். பேச்சுக் குறைவு.
அந்த மரபணுவையே வெட்டியெறிந்த செல்களை
யாரும் கேட்காமல் வளர்த்திருந்தான்.
அதையும் ஒரு பாதையில் ஓட்டிப் பார், என்றான்.
ஓட்டினேன்.
பட்டை இருந்தது.
செத்தவன் போட்ட கையெழுத்து போல, பிசிறில்லாமல்.

"போர்பாலா, பாதை மாற்றி ஊற்றிவிட்டாய்," என்றார் திவதார்.
மறுபடி ஓட்டினேன்.
"செல் கலந்திருக்கும்."
மறுபடி.
"டிரான்ஸ்ஃபர் சரியில்லை."
அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்.
நாலாவது கால் மேசைமேல் கிடந்தது, ஈரம் சொட்ட.
பட்டை பட்டை என்று நாங்கள் கொண்டாடியது
பட்டைநாமம் என்று சொல்ல
அந்த அறையில் யாருக்கும் வாய் வரவில்லை.

வேறொரு முயலின் குப்பி வாங்கினோம். வேறு துண்டு காட்டி வளர்த்தது.
பத்து விநாடி. ஒரு நிமிடம். ஐந்து நிமிடம்.
மற்ற பிள்ளையின் பாதையில் கறுப்பு ஏறிக்கொண்டே போக,
வெட்டிய செல்லின் பாதை வெள்ளை.
கெண்டேயின் பாதையும் வெள்ளை.
கழுவிய தட்டு மாதிரி.

எமோகே தொலைபேசியில் சொல்லும்போது பக்கத்தில் நின்றேன்.
கெண்டேயின் அம்மா பிரோஷ்கா வெங்காயக் கிடங்கில் இருந்தாள்,
தரம் பிரிக்கும் எந்திரத்தின் இரைச்சல் எங்கள் அறைவரை கேட்டது.
"இல்லையா?" என்றாள். "இல்லவே இல்லையா?"
எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.
"அப்படியானால் இதற்கு ஒரு பேர் இருக்கும்."
இருந்தது. நீளமான பேர்.
எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்,
சாக்கின்மேல்தான் போலும்;
பேனா கரகரத்தது.
மருந்து இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

பழைய குப்பியைக் குப்பையில் போடச் சொன்னார்கள்.
போடவில்லை.
நான்கு வருடம் அது யாரையோ
தவறாமல் அடையாளம் காட்டிக்கொண்டுதான் இருந்தது.
நாங்கள்தான் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டோம்.
லேபிளைச் சுரண்டிவிட்டுக் கேள்விக்குறி ஒன்று போட்டு
மைனஸ் இருபதிலேயே வைத்தேன்,
பட்டாணிப் பொட்டலம் போல உறைந்த
யாருடையதோ பழைய மாதிரிகளுக்குப் பின்னால்.

நாளை வெள்ளி. ஸிலார்ட் மறுபடி ஜெல் கேட்டிருக்கிறான்.
பால்மா தீர்ந்துவிட்டது; வாங்க வேண்டும்.