நான்காம் வண்டி

மாங்கனிக் கண்காட்சியின் பதினோராம் நாள், ஞாயிறு.
கிருஷ்ணகிரி முழுக்க எங்கள் வரிசையில் நிற்பது போல் கூட்டம்.
எட்டே காலுக்குப் பேய் வீட்டுக்குள்
எலும்புக்கூடு வளைவில்
நான்காம் வண்டி நின்றது.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது எனக்கு.
பல்சக்கரம் வழுக்கினால் அது முனகும்.
இது அறுந்தது.
தகரத்தில் செயின் சரிந்து விழ,
மோட்டார் மட்டும் எதையும் இழுக்காமல்
ஓடிக்கொண்டிருந்தது
போன் கட்டானது தெரியாமல் பேசுகிறவன் போல.

டிக்கெட் கூண்டில் ஷம்ஷாத் மைக்கைத் தட்டினாள்:
"சின்னக் கோளாறு, அஞ்சே நிமிஷம்."
வரிசை சிரித்தது.
எங்கள் அஞ்சு நிமிஷம் காவேரிப்பட்டணம் வரை பிரசித்தம்.

முன்னால் போன மூன்றும்
சரிவில் தானாக உருண்டு வெளியே வந்துவிட்டன.
நான் பின்கதவால் உள்ளே போனேன்.

வண்டி நின்றால் முதல் வேலை டியூப்லைட்.
போட்ட மறு நொடி
மோகினி பிளைவுட் ஆகிவிடுவாள்,
ரத்தம் ரெட் ஆக்சைடு ஆகிவிடும்,
செத்தவன் வாயில் எவனோ சொருகிய
பான்பராக் கவர் பளபளக்கும்.
பிள்ளைகள் சிரித்துவிடும்.
முதலாளி திம்மராஜுக்கு ஷாக் அடித்தால்கூடப் பரவாயில்லை,
அந்தச் சிரிப்பு ஆகாது.

சுவிட்சில் விரல் வைத்தேன்.

"லைட் போடாதீங்க."

பெண் குரல். பக்கத்தில் வேறு மூச்சு இல்லை.
"பயமா இருக்குதுங்களா?"
"இல்ல."
"அடி கிடி..."
"ஒண்ணும் இல்லண்ணா. லைட் மட்டும் வேணாம்.
கொஞ்ச நேரம்."

பயந்தவர்களிடம் சொல்ல
என்னிடம் நாலைந்து வாக்கியம் உண்டு.
இதற்கு ஒன்றும் இல்லை.

மெயினை இறக்கினேன்.
பென் டார்ச்சைப் பல்லில் கடித்து
எச்சில் ஒழுக ஒழுக
தண்டவாளத்துக்கு நடுவே படுத்தேன்.

மாற்று லிங்க் சட்டைப்பையில் இருந்தது.
பர்கூர் ரோட்டில் மூடிப்போன கூழ் ஃபேக்டரியின்
கன்வேயரிலிருந்து எடைக்கு வாங்கியது.
மூன்று முறை டீசலில் கழுவியும்
பெங்களூரா மாம்பழம் அதை விடவில்லை,
லேசாகப் புளித்த வாசம்.

"மாம்பழ வாசம் வருதே?"
"செயின்லருந்துங்க."
சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா,
இரண்டும் ஒரே சத்தம்தான் இருட்டில்.
டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

லிங்க் உட்கார்ந்தது.
லாக் கிளிப் மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியிலிருந்து
டிக் என்று தெறித்து
எங்கேயோ போனது.
நகக்கண் அளவு கம்பி.
எலிப்புழுக்கை, ஆணி, யாருடையதோ பொட்டு,
எல்லாம் கைக்கு வந்தது, அது வரவில்லை.
என் வாயில் டார்ச்; கெட்ட வார்த்தையும் சொல்ல முடியவில்லை.

வண்டிக்குள் செருப்பு துழாவும் ஓசை.
பிறகு ஒரு கை கீழே நீண்டது.
"இதுவா பாருங்க."

அதேதான்.
வாங்கியபோது கிளிப் சூடாக இருந்தது.
எவ்வளவு நேரம் வைத்திருந்தாளோ,
நான் கேட்கவில்லை.

மெயினை ஏற்றினேன். வண்டி குலுங்கி நகர்ந்தது.

அடுத்த வளைவில் சூனியக்காரி தலை விழ வேண்டும்.
விழவில்லை.
அறுந்த செயின் போகிற போக்கில்
லிமிட் சுவிட்சின் கையை வளைத்துவிட்டிருக்கிறது.
வண்டி தாண்டிப் போயிற்று,
ஒரு நொடி, இரண்டு நொடி,
அப்புறம் விழுந்தது தலை, அவள் பிடரிக்குப் பின்னால்.

"அய்யய்யோ!"
அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல்.
அதன் வாலில் சந்தேகமே இல்லாத ஒரு சிரிப்பு.
கதவு ஆடி மூடுவதற்குள்
ஊதா ஷால் நுனி ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான்.

புதன்கிழமை திம்மராஜ் கேட்டார்:
"தலை லேட்டா விழுதே, வளைச்சு வெக்கலையா?"
"நாளைக்குங்க."
தப்பித்தோம் என்று தோளைத் தளர்த்துகிற ஜனத்தின்மேல்
அது விழுகிறது.
சத்தம் ராட்டினம் வரை கேட்கிறதாம்.

நோட்டில் அன்றைக்கே எழுதிவிட்டேன்:
செயின் லிங்க் ஒன்று.
கிளிப் பழையதே.
இருபத்திரண்டு நிமிடம்.
லைட் போடவில்லை.