கிழித்த கூலி

மதாம் எவ்லின் கொடுத்த தாளில்
ஐரோப்பாவின் எழுநூறு வருஷத்துச் சட்டம்:
உழுகிறவன் வெல்வெட் உடுத்தக் கூடாது,
கருஞ்சிவப்பு கூடாது,
செருப்பின் கூர் அரையடி தாண்டினால் அபராதம்.
பள்ளி நாடகம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

ராஜாவின் வெல்வெட்
சண்டே மார்க்கெட்டில் நடைபாதையிலேயே கிடந்தது.
பாலியெஸ்டர். மீட்டர் தொண்ணூறு,
பேரம் பேசி எண்பது.

குடியானவனுக்குத்தான் அலைந்தேன்.
முரட்டு நூல், முடிச்சு முடிச்சாய்,
சாயமே காணாத துணி
புஸ்ஸி வீதி ஏசி கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.
மீட்டர் ஆயிரத்து நானூறு.
விற்கிற பெண் என் சேலையைப் பார்த்தாள்,
விலையை இன்னொரு தடவை சொன்னாள்.

"ரொம்ப நேர்த்தியாய் இருக்கே, செலீன்.
முட்டியில் கிழித்துக் கொடு.
தோளில் ரெண்டு ஒட்டு."
முப்பது வருஷத்தில்
கிழிக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.
கத்திரி, இழை பார்த்து
நின்றுவிட்டது கொஞ்ச நேரம்.

மேடையில் ராஜா
கழுத்துப் பட்டியை இழுத்து இழுத்து விட்டான்.
மார்ச் மாதப் புழுக்கம், கடல் அசையவில்லை.
குடியானவன் மட்டும் காற்று வாங்குகிறவன் மாதிரி
சுகமாய் நின்று
வரி கட்ட முடியாது என்று அழுதான்.

பில்லில் எழுதினேன்:
தையல் இரண்டாயிரம்.
கிழிசல் இருநூறு.

மதாம் சிரித்துக்கொண்டே
கிழிசலைக் கோடு போட்டு அடித்தாள்.