இதர வரவு

சனிக்கிழமை, விடியற்காலை நாலே முக்கால்.
நாசி லெமாக் நாற்பத்திரண்டு பொட்டலம்.
கறிபாப் எண்பது; உடைந்தவை ஆறு.
உடைந்தது தொண்டூழியர்களுக்கு.
எங்கள் ரயிலின் முதல் சட்டமும்
இதுவரை யாரும் மீறாத ஒரே சட்டமும் அதுதான்.

சுங்கை தெம்பாகா, பழைய மில்லுக்குப் பின்னால்
வெள்ளைப் பலகையில் இன்றைய பெயர்கள்:
இஞ்சின், யிப் கோக் வெங். மற்ற நாளில் பல் டாக்டர்.
பிரேக், மரியசூசை. முழங்கால் வீங்கினாலும் வருவார்.
டிக்கெட், நோர்ஹயாத்தி.
தண்டவாளத்தில் மாடு விரட்ட நிரோஷன்,
காதில் ஒயரோடு.
சாப்பாடு, கணக்கு, கழிவறைத் தாள் எல்லாம் நான்.
என் பெயரைப் பலகையில் எழுதுவதில்லை.
எழுதத் தேவையில்லாத அளவுக்கு இருக்கிறேனாம்.
அது பாராட்டா என்று
ஐந்து வருடமாக யோசிக்கிறேன்.

ஆறு கிலோமீட்டர்.
செம்பனைக் குலை ஏற்றப் போட்ட ஒல்லிப் பாதை.
பெட்டிக்குள் பெஞ்சு நாங்கள் வைத்தது.
கூரை, இடித்த கல்யாண மண்டபத்தின் தகரம்.

ஓடும் ரயிலில் தே தாரேக் ஆற்றக்
கை போதாது, இடுப்பு வேண்டும்.
பதினோராம் பிளாக் வளைவில்
குவளை முக்காலுக்கு மேல் நிரம்பக் கூடாது.
மதகு தாண்டும்வரை மிச்சக் காசு எண்ணக் கூடாது.
இதையெல்லாம் என் மூன்று சேலைகள் கற்றுக்கொண்டன.

ஸ்டேஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே மில் ஆபீசில் கிடைத்த பேரேடு,
கிராணியின் சாய்ந்த எழுத்து:
'குலை வண்டியில் ஏறிப் போனதற்கு அபராதம், ஐம்பது காசு.'
கீழே பதினொரு பெயர்கள்.
இன்று ஏறப் பன்னிரண்டு வெள்ளி, சிறுவர்களுக்கு ஏழு.
ஐம்பது காசு அன்றைய கூலியில் எவ்வளவு
என்று நோர்ஹயாத்தி ஒருநாள் கேட்டாள்.
கணக்குப் போட்டேன்.
சொல்லவில்லை.

பதினான்காம் பிளாக்கில் இஞ்சின் இருமி நின்றது.
யிப் இறங்கி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து,
உள்ளே நெடுநேரம் பார்த்து,
"சொத்தை" என்றார்.
அப்போதுதானா மழை வர வேண்டும்.
கிள்ளானிலிருந்து வந்த பிறந்தநாள் குடும்பம்
கேக்கைக் குடைக்குள் வைத்துத் தாங்கள் நனைந்தார்கள்.
தேநீருக்குக் காசு வேண்டாம் என்று கத்தினேன்.
பிறகு பார்த்தால், பெட்டியில் நான் மட்டும்.
முப்பத்தொரு பேரும் கீழே,
சேற்றில் செருப்பை விட்டு
தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளினால் டிக்கெட் காசு பாதி திரும்புமா?"
பிறந்தநாள் பையன் கேட்டான்.
சட்டப்புத்தகத்தை மனசுக்குள் புரட்டினேன்.
தள்ளியவன் தொண்டூழியன்தானே.
உடைந்த ஆறு கறிபாப்பும்
முப்பத்தொரு துண்டாயிற்று.

கடைசி பெஞ்சில் தனியாக வந்தவர்,
முழங்கால்வரை சேறு.
குவளையைத் திருப்பித் தந்தார்.
அடியில் ஐம்பது காசு.
"தேநீர் சும்மாதான், அண்ணே."
"தேநீருக்கு இல்ல.
அந்தக் கண்ணாடிப் பெட்டியில நாலாவது பேரு.
கட்டாமயே போயிட்டாரு."
மோட்டார் சைக்கிளை மூன்றாவது உதையில் கிளப்பிப்
போய்விட்டார்.
ரசீது வேண்டுமா என்று கேட்க வாய் திறந்தவள்
அப்படியே நின்றேன்.

இரவு, கணக்கு.
டீசல் நூற்று எண்பத்தாறு. ஐஸ் ஒன்பது.
டிக்கெட்டுக்கு ஒரு பத்தி, சாப்பாட்டுக்கு ஒன்று,
நன்கொடைக்கு ஒன்று.
அபராதத்துக்கு எங்களிடம் பத்தி இல்லை.
நன்கொடை என்று எழுதினால்
அவர் திரும்பி வந்து சண்டை போடுவார்போல் இருந்தது.
'இதர வரவு' என்று எழுதினேன்.
நாணயத்தைக் கல்லாவில் போடவில்லை.
பேரேட்டின் மேல், நாலாவது பெயருக்கு நேரே
வைத்துப் பூட்டினேன்.

தணிக்கையில் மரியசூசை கேட்பார்,
ஐம்பது காசு குறைகிறதே என்று.
கேட்கட்டும்.

அடுத்த சனிக்கு:
தேங்காய்ப்பால் பன்னிரண்டு பாக்கெட்,
நிரோஷனுக்கு மழைக்கோட்டு.